மேற்கோளில் நேர்மை: ஆய்வு மாணவருக்குப் பன்னிரண்டு அறிவுரைகள்

காந்திகிராமத்திலும் திண்டுக்கல் நகரக் கல்லூரிகளிலும் முனைவர் பட்டத்துக்குப் புதிதாகப் பதிந்திருக்கும் தம்பி, தங்கைகளுக்கு இதை எழுதுகிறேன். ஆய்வுக்கூடத்தில் கருவியைக் கையாளச் சொல்லித்தர ஆள் உண்டு. புள்ளியியலுக்கு வகுப்பு உண்டு. மேற்கோள் காட்டுவதை மட்டும் யாரும் உட்காரவைத்துக் கற்றுத் தருவதில்லை. நமக்கு முன்னால் பட்டம் வாங்கியவர்களின் ஆய்வேட்டைப் பார்த்து, அடைப்புக்குறிக்குள் பெயரும் ஆண்டும் போடப் பழகிக்கொள்கிறோம். அதில் வடிவம் கைவருகிறது, ஒழுக்கம் கைவருவதில்லை.

மேற்கோள் என்பது சாட்சி. நீங்கள் சொல்வது மெய் என்று நிறுவ இன்னொருவரைக் கூண்டில் ஏற்றுகிறீர்கள். அவர் என்ன சொன்னார் என்று கேளாமலே அவர் பெயரில் பேசினால் அது பொய்ச்சாட்சி. உங்களுக்குச் சாதகமானவரை மட்டும் அழைத்தால் அது ஒருதலைப்பட்சம். நம் மாவட்டத்துத் தண்ணீரைப் பற்றி எழுதப்பட்டவை உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கின்றன. அதனால் இதை வெறும் எழுத்து நடை விஷயமாக நான் பார்ப்பதில்லை. நீங்களும் அப்படிப் பார்க்கக் கூடாது.

1. மூலத்தைப் படிக்காமல் பெயரைப் போடாதீர்கள்

தோல் பதனிடும் ஆலைகளால் திண்டுக்கல் சுற்றுவட்டார நிலத்தடி நீர் கெட்டதைப் பற்றி எழுதும்போது கைக்கு எளிதாகக் கிடைக்கும் கணக்கு ஒன்று உண்டு: 467 கிணறுகளில் 350 கெட்டுவிட்டன. அதற்கு ஆதாரமாகக் காட்டத் தோதாக இருப்பது உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று வந்த தீர்ப்பு அது. அதை எடுத்து முழுதாகப் படியுங்கள். கணக்கு அங்கே இருக்கிறது. ஆனால் நீதிமன்றம் ஆளனுப்பி எண்ணிய கணக்கு அல்ல. பீஸ் மெம்பர்ஸ் என்ற தொண்டு நிறுவனம் 13 கிராமங்களில் எடுத்த கணக்கெடுப்பு இப்படிச் சொல்வதாகக் கூறப்படுகிறது என்ற அளவில்தான் தீர்ப்பு அதைக் குறிப்பிடுகிறது. எதை வைத்து ஒரு கிணற்றைக் ‘கெட்டது’ என்று கொண்டார்கள், எந்தப் பருவத்தில் தண்ணீர் எடுத்தார்கள் என்பவை கணக்கெடுப்பைப் பார்த்தால்தான் தெரியும்.

ஆகவே ‘உச்ச நீதிமன்றம் கண்டறிந்தது’ என்று எழுதினால் தவறு. ‘1996 தீர்ப்பில் எடுத்தாளப்பட்ட ஒரு தொண்டு நிறுவனக் கணக்கெடுப்பின்படி’ என்று எழுதினால் சரி. மூலம் கைக்குக் கிடைக்காவிட்டால் இப்படி இடையில் நின்றவரைச் சொல்லிவிடுங்கள். அதில் குறைச்சல் ஒன்றுமில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். இணையத்தில் புழங்கும் அந்தத் தீர்ப்பின் ஆங்கிலப் படியில் நம் ரெட்டியார்சத்திரம் ‘பெட்டியார் சத்திரம்’ என்று அச்சாகியிருக்கிறது. இந்த ஊர்க்காரர் எவரும் ஒரு பார்வையில் திருத்திவிடக்கூடிய பிழை. அது உங்கள் ஆய்வேட்டில் அப்படியே வந்து உட்கார்ந்தால், நீங்கள் படித்து எழுதவில்லை, பார்த்து எழுதினீர்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

2. எண்ணைத் தனியாக எடுக்காதீர்கள், ஆண்டோடு எடுங்கள்

ஹைதராபாத் தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் திண்டுக்கல் தோல் ஆலைகளையும் நிலத்தடி நீரையும் பற்றி 2005-ல் ‘கரன்ட் சயன்ஸ்’ இதழில் எழுதினார்கள். நகரிலும் சுற்றிலுமாக ஏறத்தாழ 80 ஆலைகள் இயங்குவதாக அதில் குறித்தார்கள். அது அன்றைய நிலவரம். இன்றைக்கு எழுதுகிறவர் ‘திண்டுக்கல்லில் 80 தோல் ஆலைகள் இயங்குகின்றன’ என்று நிகழ்காலத்தில் எழுதி அந்தக் கட்டுரையைக் கீழே போட்டால், கட்டுரை சொல்லாத ஒன்றை அதன் தலையில் ஏற்றுகிறார். ‘2005-ல் வெளியான ஆய்வு அப்போது ஏறத்தாழ 80 ஆலைகள் இயங்கியதாகக் குறிக்கிறது’ என்று எழுதுங்கள். இன்றைய எண்ணிக்கை வேண்டுமென்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் எழுதிக் கேளுங்கள்.

தர அளவுகளுக்கும் இதே விதி. குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது, கரைந்த திடப்பொருள் 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு நீர் இல்லாத இடத்தில் 2000 வரை ஏற்கலாம் என்பவை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐஎஸ் 10500, 2012 பதிப்பில் இருக்கின்றன. பிறர் கட்டுரையின் அட்டவணையிலிருந்து எடுக்காமல் அந்த ஆவணத்தையே திறந்து எடுங்கள்.

3. நிபந்தனையை வெட்டிவிட்டு முடிவை மட்டும் தூக்காதீர்கள்

1980-ல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் ஐந்தே வாக்கியத்தில் ஒரு கடிதம் வந்தது. மருத்துவமனையில் இருந்தபோது ஓபியாய்டு வகை வலி மருந்து பெற்ற 11,882 நோயாளிகளில் நான்கு பேர் மட்டுமே அந்த மருந்துக்கு அடிமையானதாகப் பதிவாகியிருந்தது என்றது கடிதம். வீட்டுக்குப் போய் மாதக்கணக்கில் அந்த மருந்தைச் சாப்பிடுகிறவர்களைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. 2017-ல் கனடா ஆய்வாளர்கள் அந்தக் கடிதத்தை மேற்கோள் காட்டிய 608 வெளியீடுகளைப் பார்த்தார்கள். 72 விழுக்காட்டினர் ‘அடிமையாவது அரிது’ என்பதற்கு அதையே சான்றாக வைத்திருந்தார்கள். கடிதம் பேசியது மருத்துவமனையில் இருந்த நோயாளிகளைப் பற்றி மட்டும் என்ற செய்தியை 80 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் விட்டிருந்தார்கள். அமெரிக்காவில் அந்த மருந்துகளால் செத்தவர்கள் லட்சக்கணக்கில். அத்தனைக்கும் மேற்கோள்தான் காரணம் என்று சொல்லவில்லை. ஆனால் பயமில்லாமல் எழுதிக் கொடுங்கள் என்று மருத்துவர்களுக்குத் தெம்பு தந்ததில் அந்த ஐந்து வாக்கியத்துக்குப் பங்கு உண்டு.

யாரிடம், எங்கே, எத்தனை பேரிடம், எவ்வளவு காலம்: இந்த நான்கையும் முடிவோடு சேர்த்தே எடுங்கள்.

4. எதிராகச் சொன்னவரையும் அழையுங்கள்

அறிவுரைகளில் இதுதான் தலையாயது. சாதகமான முடிவு தந்த கட்டுரைகளுக்கு மேற்கோள் அதிகம் விழுகிறது என்பதை ஆய்வாளர்களே அளந்து பார்த்திருக்கிறார்கள். 2017-ல் வந்த ஒரு தொகுப்பாய்வின்படி, தம் கருதுகோள் மெய்யானது என்று முடித்த கட்டுரைகள் மற்றவற்றைவிட ஏறத்தாழ 2.7 மடங்கு மேற்கோள் பெறுகின்றன.

இதன் விளைவை 2009-ல் ஸ்டீவன் கிரீன்பர்க் என்ற அமெரிக்க மருத்துவர் ‘பிஎம்ஜே’ இதழில் காட்டினார். ஒரு தசை நோயில் குறிப்பிட்ட ஒரு புரதம் சேர்கிறது என்ற கருத்தை அவர் எடுத்துக்கொண்டு, அதைப் பேசிய 242 கட்டுரைகளுக்குள் யார் யாரைக் காட்டியிருக்கிறார்கள் என்று கோடு போட்டுப் பார்த்தார். நேரடித் தரவு தந்தவற்றில் ஆதரவானவை நான்கு, எதிரானவை ஆறு. மேற்கோள்களில் 94 விழுக்காடு அந்த நான்குக்கே போயிருந்தது. ஆறும் பொய் என்று யாரும் நிரூபிக்கவில்லை. பேசாமல் விட்டார்கள், அவ்வளவுதான். அதிலேயே ஒரு யூகம் உண்மையாகிவிட்டது.

நம் சமவெளிக்கு வருவோம். கிணற்று நீர் உப்புக் கரிப்பதற்கு ஆலைக் கழிவு காரணம் என்று நீங்கள் எழுதப் போகிறீர்கள். இங்கே அடியில் இருப்பது கடும்பாறை. பாறையிலிருந்தும் உப்பு கரைந்து வரும், உரம் போட்ட வயலிலிருந்தும் இறங்கும், வறட்சியில் செறிவு கூடும். அப்படிச் சொல்லும் ஆய்வுகளை உங்கள் முன்னாய்வு இயலில் காட்டுங்கள். காட்டிவிட்டு, உங்கள் தரவு ஏன் வேறு பக்கம் சாய்கிறது என்று வாதாடுங்கள். பாதிக்கப்பட்ட கிராமத்தார்மேல் உங்களுக்கு இரக்கம் இருப்பது நல்லது. அந்த இரக்கத்துக்காக எதிர் ஆய்வை மறைத்தால், நாளைக்கு ஆலைத் தரப்பு வழக்கறிஞர் அதைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் அறிக்கை முழுவதையும் தள்ளச் சொல்வார். அப்போது தோற்பது நீங்கள் அல்ல, கிணற்றுக்காரர்.

நம் மரபில் இதற்கு முன்மாதிரி உண்டு. உ.வே.சாமிநாதையர் பதிப்பித்த நூல்களில் முகவுரையைப் பாருங்கள். எந்தச் சுவடியை யார் தந்தார் என்று பெயர் சொல்லி எழுதியிருப்பார். தாம் கொண்ட பாடத்துக்கு மாறான பாடங்களையும் அடிக்குறிப்பில் தருவார். தம் முடிவை மறுக்க வேண்டியவருக்கும் சான்றைத் தாமே எடுத்துக் கொடுத்த பதிப்பாசிரியர் அவர்.

5. முதலில் சொன்னவருக்கு உரியதைக் கொடுங்கள்

கல்கத்தாவில் சம்பு நாத் டே 1959-ல் ‘நேச்சர்’ இதழில், காலரா கிருமி வெளிவிடும் நச்சுப்பொருளே நோயை உண்டாக்குகிறது என்று காட்டினார். காலரா ஆராய்ச்சியின் போக்கையே மாற்றிய வேலை. 1985-ல் அவர் இறக்கும்வரை நம் நாட்டு அறிவியல் கழகம் எதுவும் அவரை உறுப்பினராக்கவில்லை. மேற்கோள் அட்டவணையை உருவாக்கிய யூஜின் கார்பீல்ட் 1986-ல் அவரைப் பற்றி விரிவாக எழுதினார். அதன் பிறகுதான் இங்கே பலருக்கு அந்தப் பெயர் தெரிந்தது.

சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் படித்த ஜார்ஜ் சுதர்சனும் அவருடைய ஆசிரியர் மார்ஷக்கும் இயற்பியலில் ‘வி மைனஸ் ஏ’ கோட்பாட்டை 1957-ல் ஒரு மாநாட்டில் முன்வைத்தார்கள். மாநாட்டுத் தொகுப்பு வருவதற்குள் ஃபெய்ன்மனும் கெல்மனும் எழுதிய கட்டுரை 1958 தொடக்கத்தில் புகழ்பெற்ற இதழில் வந்துவிட்டது. உலகம் அதையே காட்டியது. பின்னாளில் ஃபெய்ன்மனே முதன்மை சுதர்சன், மார்ஷக் இருவருக்கும் உரியது என்று ஒப்புக்கொண்டார்.

பெரிய இதழ், பெரிய பெயர், வெளிநாடு என்று பார்த்து மேற்கோள் போடாதீர்கள். ஒரு கருத்து எங்கே பிறந்தது என்று பின்னோக்கிப் போய்த் தேடுங்கள்.

6. உங்களை நீங்களே காட்டுவதற்கு அளவு உண்டு

முந்தைய வேலையின் தொடர்ச்சி என்றால் உங்கள் கட்டுரையை நீங்கள் காட்டத்தான் வேண்டும். அதில் தவறில்லை. 2019-ல் ஜான் அயனிடிஸ் குழுவினர் ஏறத்தாழ ஒரு லட்சம் ஆய்வாளர்களின் கணக்கை வெளியிட்டபோது, தன்மேற்கோளின் இடைநிலை அளவு 12.7 விழுக்காடு என்று தெரிந்தது. அதே கணக்கில், தாமும் தம் கூட்டு ஆசிரியர்களும் போட்டதே பாதிக்கு மேல் என்றிருந்தவர்கள் 250 பேருக்குக் குறையவில்லை. தமிழ்நாட்டுக் கல்வி நிறுவனம் ஒன்றின் ஆய்வாளருக்கு அது 94 விழுக்காடாக இருந்ததை ‘நேச்சர்’ செய்தியாக வெளியிட்டது. நான்கு நண்பர்கள் கூடிக்கொண்டு ஒருவரை ஒருவர் காட்டுவதும் இதே வகைதான். உங்கள் பெயரை எடுத்துவிட்டுப் படித்தாலும் அந்த மேற்கோள் அந்த இடத்துக்குத் தேவைப்படுகிறதா என்று பாருங்கள். தேவைப்பட்டால் வையுங்கள்.

7. கேட்டார்கள் என்பதற்காகச் சேர்க்காதீர்கள்

இளையவர்களுக்கு இதுவே பெரிய சங்கடம். இதழாசிரியர் ‘எங்கள் இதழின் கட்டுரைகளைச் சேருங்கள்’ என்பார். மதிப்பீட்டாளர் ஆறு கட்டுரைகளின் பட்டியல் அனுப்புவார், ஆறிலும் ஒரே பெயர் இருக்கும். 2012-ல் வில்ஹைட், ஃபாங் என்ற இருவர் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வில், பதில் சொன்ன ஆறாயிரத்துச் சொச்சம் பேரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் இதழாசிரியரின் இத்தகைய கட்டாயத்துக்கு ஆளானதாகச் சொன்னார்கள். டஜன் கணக்கில் தம் கட்டுரைகளைச் சேர்க்கச் சொன்ன ஒருவரை ஓர் உயிரியல் இதழ் தன் ஆசிரியர் குழுவிலிருந்து நீக்கியதும் 2020-ல் செய்தியாக வந்தது. ஆகவே இதை எதிர்த்துப் பேச இடம் இருக்கிறது.

மதிப்பீட்டாளருக்கு இப்படிப் பதில் எழுதலாம்: ‘தாங்கள் குறிப்பிட்ட ஆறு கட்டுரைகளையும் படித்தோம். மூன்றாவது கட்டுரையின் முறை எங்கள் பகுப்பாய்வுக்குப் பொருந்துவதால் சேர்த்திருக்கிறோம். மற்றவை எங்கள் கேள்வியோடு நேரடியாகத் தொடர்புடையவை அல்ல என்பதால் சேர்க்கவில்லை.’ மரியாதையும் இருக்கிறது, உறுதியும் இருக்கிறது. படித்துவிட்டு மறுப்பவரை எந்த நல்ல இதழாசிரியரும் தண்டிக்க மாட்டார்.

கேட்பவர் உங்கள் கைடாகவே இருந்தால் வாதாடாதீர்கள். “சார், இந்தப் பேப்பரை எந்த வரிக்கு ஆதாரமா போடலாம் சார்?” என்று கேளுங்கள். ஒரு வரி அகப்பட்டால் போடுங்கள். அகப்படாவிட்டால் அவருக்கே விஷயம் புரிந்துவிடும்.

8. திரும்பப் பெற்ற கட்டுரையா என்று பாருங்கள்

தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப்போட்ட வேக்ஃபீல்டின் கட்டுரை 1998-ல் ‘லான்செட்’ இதழில் வந்தது, 2010-ல் திரும்பப் பெறப்பட்டது. செத்த கட்டுரைகளை உயிருள்ளவைபோலக் காட்டும் பழக்கம் இன்னும் போகவில்லை. ரிட்ராக்ஷன் வாட்ச் என்ற அமைப்பு தொகுத்த, திரும்பப் பெற்ற கட்டுரைகளின் தரவுத்தளத்தை 2023-ல் கிராஸ்ரெஃப் வாங்கி எல்லோருக்கும் திறந்துவிட்டது. ஜொட்டேரோ மென்பொருளில் உங்கள் நூற்பட்டியலை வைத்திருந்தால் அதுவே எச்சரிக்கும். செலவில்லாத வேலை. ஆய்வேட்டை ஒப்படைக்கும் முன்பு பட்டியல் முழுவதையும் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

9. ஏஐ தரும் மேற்கோளை நம்பி ஒட்டாதீர்கள்

சாட்ஜிபிடி போன்ற கருவிகள், எழுதப்படாத கட்டுரைக்கும் பெயர், ஆசிரியர், இதழ், பக்க எண் எல்லாம் கச்சிதமாகக் கொடுக்கும். பார்த்தால் மெய் போலவே இருக்கும். ஒவ்வொன்றின் டிஓஐ எண்ணையும் போட்டுக் கட்டுரையைத் திறந்து பாருங்கள். திறக்காதது உங்கள் பட்டியலுக்குள் வரக் கூடாது. வைவாவில் ‘இந்தக் கட்டுரை என்ன சொல்கிறது?’ என்று கேட்டால் கருவி வந்து பதில் சொல்லாது.

10. ஊர்க்காரர் சொன்னதையும் தமிழில் இருப்பதையும் பெயரோடு சொல்லுங்கள்

சிறுமலையில் மூலிகை ஆய்வுக்குப் போகிறீர்கள். எந்த இலை எந்த நோய்க்கு என்று சொன்னவர் ஒரு பளியர் வைத்தியர். கட்டுரையில் பார்த்தால் அந்தச் செய்திக்கு வேறொரு ஊர்க் கட்டுரை ஆதாரமாக நிற்கிறது, சொன்னவர் காணாமல் போகிறார். முறைப்படி அனுமதி கேளுங்கள். பெயரைப் போடச் சம்மதித்தால் போடுங்கள், வேண்டாம் என்றால் எந்த ஊர், எந்தச் சமூகத்தார் என்ற அளவிலாவது எழுதுங்கள். விருப்பாட்சி, சிறுமலை வாழைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது மலைக்காட்டு விவசாயிகள் தலைமுறையாகக் காத்த அறிவால்தான். அந்த அறிவைப் பயன்படுத்தும் ஆய்வாளர் அவர்களைச் சொல்லாமல் விடுவது அறமாகாது.

தமிழில் எழுதப்பட்ட ஆய்வேடு, துறை அறிக்கை, தொண்டு நிறுவன வெளியீடு ஆகியவற்றைப் பயன்படுத்திவிட்டு, ஸ்கோபஸில் இல்லை என்பதற்காகப் பட்டியலில் மறைப்பதும் இதே குற்றம். சோத்கங்கா தளத்தில் நம் பல்கலைக்கழக ஆய்வேடுகள் எத்தனையோ கிடக்கின்றன. எடுத்தால் பெயரைச் சொல்லுங்கள்.

11. பத்து விழுக்காட்டுக்குக் கீழே என்பது நேர்மைக்குச் சான்றிதழ் அல்ல

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளின்படி ஒப்புமை 10 விழுக்காட்டுக்குள் இருந்தால் தண்டனை இல்லை. எழுத்துத் திருட்டைப் பிடிக்கும் மென்பொருள் சொற்களை ஒப்பிடும். நீங்கள் காட்டிய கட்டுரை நீங்கள் சொன்னதைச் சொல்கிறதா என்று அது பார்க்காது, விட்டுவிட்ட எதிர் ஆய்வையும் அது காட்டாது. அறிக்கையில் எண் குறைந்துவிட்டது என்று நிம்மதி அடையாதீர்கள். மென்பொருள் பார்க்காத இடத்தில்தான் உங்கள் பொறுப்பு தொடங்குகிறது.

12. எண்ணிக்கைக்காக எழுதாதீர்கள்

கார்பீல்ட் 1960-களில் மேற்கோள் அட்டவணையை வெளியிட்டது, ஒரு கருத்து எங்கிருந்து எங்கே போயிற்று என்று ஆய்வாளர் தேடிக் கண்டுபிடிப்பதற்காக. 2005-ல் ஹிர்ஷ், ஓர் ஆய்வாளரின் மேற்கோள்களை ஒரே எண்ணாகச் சுருக்கும் எச் இண்டெக்ஸைக் கொண்டுவந்தார். தேடும் கருவி மெல்ல மெல்ல ஆளை எடைபோடும் கருவியாகிவிட்டது. பதவி உயர்வும் கல்லூரித் தரவரிசையும் அதையொட்டி வந்ததும், மேற்கோளை விளைவிக்கும் தொழிலே தோன்றிவிட்டது. சென்னையில் ஒரு பல் மருத்துவக் கல்லூரி, மாணவர்களைத் தேர்வின் பகுதியாகக் கட்டுரை எழுதவைத்து, அவற்றில் தன் கல்லூரிக் கட்டுரைகளையே மேற்கோள் காட்டச் செய்து எண்ணிக்கையைக் கூட்டியதாக 2023-ல் ‘சயன்ஸ்’ இதழில் செய்தி வந்தது. இதழின் தாக்கக் காரணி போன்ற எண்களை வைத்து ஆய்வாளரை எடைபோடக் கூடாது என்று உலக ஆய்வாளர்கள் பலர் 2012 சான் பிரான்சிஸ்கோ பிரகடனத்தில் கையெழுத்திட்டிருக்கிறார்கள். மானியக் குழுவும் 2022 விதிகளில், முனைவர் பட்டத்துக்கு முன்பே இதழில் கட்டுரை வந்திருக்க வேண்டும் என்ற கட்டாயத்தை எடுத்துவிட்டது. காற்று மெதுவாகத்தான் மாறுகிறது. அதுவரை காத்திராமல் நீங்கள் நேர்மையாக எழுதத் தொடங்குங்கள்.

இந்த வாரத்துக்கே ஒரு வேலை தருகிறேன். உங்கள் அறிமுக இயலை எடுங்கள். அதில் பத்து மேற்கோள்களைக் குறித்துக்கொண்டு, பத்துக்கும் மூலத்தைத் திறந்து, உங்கள் வரியை அருகில் வைத்து ஒப்பிடுங்கள். பொருந்தாததைத் திருத்துங்கள், திருத்த முடியாததை நீக்குங்கள். பிறகு உங்கள் முடிவை மறுக்கும் ஓர் ஆய்வைத் தேடிப் பிடித்துச் சேருங்கள். உங்கள் ஆய்வேட்டை நம்பி நாளை ஒருவர் நீதிமன்றம் போகலாம், ஒருவர் மருந்து எழுதலாம், ஓர் ஊராட்சி கிணற்றை மூடலாம். அவர்களில் யாருக்கும் உங்களைக் குறுக்கு விசாரணை செய்ய வாய்ப்பு இருக்காது. அவர்களுக்காக அந்த விசாரணையை நீங்களே முடித்துவிட்டு எழுதுங்கள்.